பார்சலைப் பிரித்து ஒட்டியது யார்?

வாசகர் கேள்வி – கணினிப் பாதுகாப்பு ஆலோசகரின் பதில்

அதிகாரிகளால் பாதிக்கப்பட்டவர்களின் புகார்களைத் திரட்டி அறிக்கையாக வெளியிடும் ஒரு சிறிய அமைப்பில் ஆவணங்களைப் பராமரிப்பவர் இந்த வாசகர். அலுவலகத்துக்காக ஆன்லைனில் ஆர்டர் செய்த லேப்டாப் சொன்ன தேதியைத் தாண்டி ஒரு வாரத்துக்கும் மேல் கழித்துத்தான் வந்திருக்கிறது. பெட்டியின் ஒரு பக்கத்தில் பழைய டேப் கிழிந்திருக்க, அதன் மேலேயே வேறு டேப் ஒட்டியிருந்ததாம். வந்த நாளிலிருந்து பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. இரவில் மூடிவைத்த பிறகும் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. கேமரா பக்கத்தில் மங்கலாக ஒரு சிவப்பு வெளிச்சம் மின்னி மறைகிறது. கணினியில் உள்ள பாகங்களைக் காட்டும் டிவைஸ் மேனேஜர் பட்டியலைத் திறந்து பார்த்தால் 'மேனேஜ்மென்ட் என்ஜின்' என்று ஒன்று இருக்கிறது. தேடிப் படித்தபோது அது உளவுச் சிப் என்று பலர் எழுதியிருந்தார்களாம்.

"அரசாங்கம் வழியிலேயே பார்சலைப் பிரித்து உள்ளே எதையாவது வைத்திருக்குமா? லேப்டாப்பைத் தூக்கி எறிந்துவிட்டு சுவிட்சர்லாந்து மாதிரி நடுநிலை நாட்டுக் கம்பெனிப் பொருளாகப் பார்த்து வாங்கட்டுமா? விற்றவர்களின் பெயரைப் போட்டு எல்லாரும் பார்க்க எழுதலாமா? மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு என்கிறார் என் கணவர். எனக்குத் தூக்கமே போய்விட்டது. புகார் கொடுத்தவர்களிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டேன்" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. அரசாங்கங்கள் இப்படியெல்லாம் செய்யுமா என்பது ஒன்று. எனக்குச் செய்திருக்கிறார்களா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில்: செய்யும், செய்திருக்கிறது, அதற்கு ஆவணம் இருக்கிறது. இரண்டாவதற்கு: நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளில் ஒன்றுகூட அதைக் காட்டவில்லை. இந்த இரண்டு பதிலையும் சேர்த்தே மனதில் வையுங்கள். முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் தூக்கம் போகும். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் நாளைக்கு உண்மையிலேயே ஒன்று நடக்கும்போது அசட்டையாக இருந்துவிடுவீர்கள்.

நடந்தது கட்டுக்கதை இல்லை

அமெரிக்க உளவுத்துறைக்கு ஒப்பந்த ஊழியராக வேலை பார்த்த எட்வர்டு ஸ்னோடன் வெளியே கொண்டுவந்த கோப்புகளில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ.யின் 2010 ஜூன் மாத உள்சுற்று அறிக்கை ஒன்று உண்டு. 2014 மே மாதம் அது வெளியானது. இலக்கு வைத்த ஆளுக்குப் போகும் ரவுட்டர், சர்வர் முதலியவற்றை வழியில் மடக்கி, ரகசிய இடத்துக்குக் கொண்டுபோய், உளவுக் கருவியைப் பொருத்தி, மறுபடி பெட்டியில் அடைத்து அனுப்பிவைப்பதை அதில் அவர்களே பெருமையாக விவரித்திருக்கிறார்கள். படமும் இருக்கிறது: ஒரு பெட்டியை அலுங்காமல் பிரிக்கிறார்கள். அது சிஸ்கோ நிறுவனத்தின் பெட்டி. சிஸ்கோவின் தலைவர் அந்த மாதமே அமெரிக்க அதிபருக்குக் கடிதம் எழுதி, இப்படிப் போனால் எங்கள் பொருளை உலகத்தில் யார் நம்பி வாங்குவார்கள் என்று முறையிட்டார். அடுத்த ஆண்டு, கவலைப்படும் வாடிக்கையாளர்களுக்குச் சம்பந்தமில்லாத முகவரி போட்டு அந்த நிறுவனம் பார்சல் அனுப்புவதாகவும் செய்தி வந்தது.

இது இன்று நேற்றுத் தொடங்கிய வித்தையும் இல்லை. 1984இல் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் கருவிகளை மொத்தமாக மாற்றி, பழையவற்றை நாட்டுக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஐ.பி.எம். மின் தட்டச்சு இயந்திரங்களின் உள்ளே இருந்த உலோகச் சட்டத்துக்குள் சோவியத் உளவுக் கருவி ஒளிந்திருந்தது. எந்த எழுத்தைத் தட்டுகிறார்கள் என்பதை இயந்திரத்தின் அசைவை வைத்தே கண்டுபிடித்து ரேடியோவில் அனுப்பும் கருவி. தூதரகத்திலும் லெனின்கிராட் துணைத் தூதரகத்திலுமாக 16 இயந்திரங்கள், ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். பிறரை வேவு பார்ப்பதில் கைதேர்ந்தவர்களே தங்கள் மேசைமீது இருந்ததைக் கவனிக்கவில்லை.

ஆகவே, இப்படி நினைப்பதே மனப்பிரமை என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவருக்கு இந்த வரலாறு தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் லேப்டாப்புக்கு வருவோம்

முதலில் பெட்டி. மேலே சொன்ன படத்தில் இருப்பவர்கள், பிரித்த தடம் தெரியாமல் ஒட்டுவதையே தொழிலாகச் செய்பவர்கள். கிழிந்த டேப்பின் மேல் கோணல்மாணலாக இன்னொரு டேப் ஒட்டி உங்களுக்கு அனுப்பி, நீங்கள் சந்தேகப்படும்படி விட்டுவைக்க அவர்களுக்கு என்ன தலைவிதி? சுங்கச் சோதனை, கிடங்கில் பெட்டி கிழிந்தது, வேறொருவர் வாங்கித் திருப்பி அனுப்பியதைப் புதிது என்று தள்ளிவிட்டது என்று சாதாரணக் காரணங்களே நிறைய இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதை நீங்கள் விசாரிக்கத்தான் வேண்டும். உத்தரவாதம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று தயாரிப்பாளரின் தளத்தில் வரிசை எண்ணைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் வாங்கிய தேதிக்கு வெகு முன்பாகவே ஓடத் தொடங்கியிருந்தால், உங்களுக்கு வந்தது திரும்பி வந்த சரக்காக இருக்கலாம். அதற்காகச் சண்டை போட உங்களுக்கு உரிமை உண்டு.

கேமரா பக்கத்துச் சிவப்பு வெளிச்சம்: முகத்தைக் காட்டினால் திறக்கும் வசதி உங்கள் மாடலில் இருந்தால், முகத்தைத் தேட அகச்சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரியும். இருட்டறையில் நன்றாகவே தெரியும். அமைப்புகளுக்குள் போய் அந்த வசதியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், மின்னுவதும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

மூடிய பிறகும் சூடு: இப்போதைய லேப்டாப்கள் பல, மூடியை மூடினால் முழுதாகத் தூங்குவதில்லை. கைபேசி மாதிரி அரைத்தூக்கத்தில் இருந்துகொண்டு மின்னஞ்சல் எடுக்கும், அப்டேட் இறக்கும். அது போக, புதுக் கணினி முதல் சில நாள் கோப்புகளை எல்லாம் அட்டவணை போட்டுக்கொண்டே இருக்கும். பேட்டரி இறங்குவதற்கு அதுவே போதும். ஒருநாள் இரவு மூடாமல், 'ஷட் டவுன்' கொடுத்து முழுக்க அணைத்துவிட்டுக் காலையில் தொட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உளவுக்காகக் கவனமாகச் செய்த வன்பொருள், நாம் கவனிக்கும்படி சூடாவதோ மின்னுவதோ பேட்டரியைத் தின்பதோ அபூர்வம். அப்படித் தின்றால் அதைச் செய்தவருக்கு வேலை போய்விடும். கண்ணுக்குத் தெரிகிற கோளாறெல்லாம் பெரும்பாலும் வெறும் கோளாறுதான். இந்தத் துறையில் எரிச்சலூட்டும் உண்மை இது: அறிகுறி இருப்பது எதையும் நிரூபிக்காது, இல்லாமல் இருப்பதும் எதையும் நிரூபிக்காது.

அந்த 'மேனேஜ்மென்ட் என்ஜின்'

இதில் உங்கள் புரிதல் பாதி சரி. அது உங்கள் பார்சலுக்குள் யாரோ ஒளித்து வைத்தது இல்லை. 2008 வாக்கிலிருந்து இன்டெல் கணினிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வருவது. பிரதான செயலிக்குப் பக்கத்தில் இருக்கும் தனிக் குட்டிக் கணினி என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகங்கள் நூற்றுக்கணக்கான இயந்திரங்களைத் தூரத்திலிருந்தே பராமரிக்கவும், கணினி தொடங்கும்போது சில சரிபார்ப்புகளைச் செய்யவும் வைத்திருக்கிறார்கள். கணினி அணைந்திருந்தாலும் மின்சாரம் வந்துகொண்டிருந்தால் அது விழித்திருக்க முடியும். ரகசியமாக உள்ளே நுழையும் கொல்லைப்புற வழி எதையும் அதில் வைக்கவில்லை என்று இன்டெல் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. வைத்திருப்பதாக யாரும் நிரூபிக்கவும் இல்லை.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் அதைச் சந்தேகிக்கிறார்கள்? உள்ளே ஓடும் நிரலை வாங்கியவர் பார்க்க முடியாது, சுலபமாக அணைக்கவும் முடியாது. மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதிய பேராசிரியருக்கே, தான் எழுதியது அந்தச் சிப்புக்குள் ஓடுகிறது என்பது 2017இல் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்தது! அதே ஆண்டு மே மாதம், தொலைநிர்வாக வசதியுள்ள வணிகக் கணினிகளில் கடவுச்சொல்லே இல்லாமல் நுழையக்கூடிய பிழை ஒன்று வெளியாகி, அவசரமாகத் திருத்தம் விட்டார்கள். ஆகஸ்ட்டில் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்த என்ஜினைத் தொடக்கத்திலேயே பெருமளவு முடக்கிவிடும் ஒரு ரகசிய ஸ்விட்ச் ஏற்கெனவே உள்ளே இருந்தது. அமெரிக்க அரசின் உயர்பாதுகாப்புத் திட்டத்துக்காக, கணினி தயாரிப்பாளர்கள் கேட்டு வைத்தது என்று இன்டெல் ஒப்புக்கொண்டது.

என்னைக் கேட்டால், கோபப்பட வேண்டிய இடம் இதுதான். தன் கணினியில் இது இருக்க வேண்டாம் என்று ஒரு அரசு நினைத்தால் அணைத்துக்கொள்ள வழி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய உங்களுக்கு, அப்படி ஒரு ஸ்விட்ச் இருப்பதுகூடத் தெரியாது. உளவு நடக்கிறது என்பதற்கு இது சான்று ஆகாது, சரி. ஆனால் நம்பு என்று சொல்பவர், சோதித்துப் பார் என்றும் சொல்ல வேண்டும். உங்களைப் போன்றவர்களுடைய சந்தேகத்தை வளர்த்துவிட்டதில் வதந்தி எழுதியவர்களைவிட இந்த மூடுமந்திரத்துக்குப் பங்கு அதிகம். நல்ல வேளையாக, அந்த ஸ்விட்சைப் போட்டு அணைத்தே விற்கும் சிறு லேப்டாப் நிறுவனங்கள் சில இப்போது உண்டு. அடுத்த முறை வாங்கும்போது விசாரியுங்கள்.

நடுநிலை நாட்டுப் பொருள்

சுவிட்சர்லாந்து என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. இந்த விஷயத்தில் உலகம் கண்ட மிகப் பெரிய ஏமாற்று அந்த நாட்டுப் பெயரை வைத்துத்தான் நடந்தது.

கிரிப்டோ ஏ.ஜி. என்று ஒரு சுவிஸ் நிறுவனம். ரகசியத் தகவல்களைக் குறியாக்கம் செய்து அனுப்பும் இயந்திரங்களை 120க்கும் மேற்பட்ட நாடுகளின் அரசுகளுக்கு விற்றது. தூதரகம், ராணுவம் எல்லாம் அதை நம்பின. காரணம், அமெரிக்க அணி, சோவியத் அணி இரண்டிலும் சேராத நாட்டுச் சரக்கு. 2020 பிப்ரவரியில் அமெரிக்க, ஜெர்மன், சுவிஸ் ஊடகங்கள் சேர்ந்து வெளியிட்டபோது கதை முழுசாகத் தெரிந்தது. 1970இலிருந்து அந்தக் கம்பெனிக்கு ரகசிய முதலாளிகள் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.யும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும். பல நாடுகளுக்குப் போன இயந்திரங்களின் குறியாக்கத்தைத் தாங்கள் உடைத்துப் படிக்கும்படி வேண்டுமென்றே பலவீனமாகச் செய்து விற்றார்கள். ஜெர்மனி 1990களின் தொடக்கத்தில் விலகிக்கொண்டது. சி.ஐ.ஏ. 2018 வரை நடத்தியது. பூட்டு விற்றவனிடமே சாவி இருந்தது. அதற்கு வாங்கியவர்கள் விலையும் கொடுத்தார்கள்.

அந்தக் கதையில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது ஹன்ஸ் பூலர் என்ற விற்பனையாளருக்கு நேர்ந்தது. 1992இல் ஈரானுக்கு விற்பனைக்காகப் போனவரை அங்கே பிடித்து உள்ளே போட்டார்கள். உங்கள் இயந்திரத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று மாதக்கணக்கில் விசாரணை. அவருக்குப் பதில் தெரியாது, ஏனென்றால் அவருக்கே யாரும் சொல்லவில்லை. ஒன்பது மாதம் கழித்துப் பத்து லட்சம் டாலர் கட்டி மீட்டார்கள். ஊருக்குத் திரும்பியவரை நிறுவனம் வேலையை விட்டு நீக்கியது, கட்டிய பணத்தையும் திருப்பிக் கேட்டது. உளவின் இலக்காக இருந்தவர்கள் ஒருபக்கம் இருக்கட்டும். தன் கம்பெனியை நம்பி நல்ல மனதோடு பொருள் விற்றவரின் கதி இது.

ஆகவே நாட்டின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் நாட்டில் செய்தது, பகை நாட்டில் செய்தது, நடுநிலை நாட்டில் செய்தது எதுவானாலும் நான் கேட்கும் கேள்விகள் இவைதான்: வெளியாட்கள் சோதிக்க விடுகிறார்களா? பிழை கண்டுபிடித்துச் சொன்னால் திருத்தம் வருகிறதா? எத்தனை ஆண்டுக்கு வரும்?

யாருக்கு இத்தனை செலவு செய்வார்கள்?

2013 இறுதியில் ஒரு ஜெர்மன் வார இதழ், என்.எஸ்.ஏ. உளவுக் கருவிகளின் விலைப் பட்டியலையே வெளியிட்டது. பார்ப்பதற்குச் சாதாரண யு.எஸ்.பி. முனை மாதிரி இருக்கும், உள்ளே ரேடியோ ஒளிந்திருக்கும் கருவி ஒன்று அதில் உண்டு. ஐம்பது எண்ணிக்கை சுமார் பத்து லட்சம் டாலர், ஒன்றுக்கு இருபதாயிரம். அது போக மடக்குவதற்கு ஆள், பொருத்துவதற்கு ஆள், வருவதைக் கேட்பதற்கு ஆள். மாட்டிக்கொண்டால் வெளியே நாறிப்போகும் என்ற பயம் வேறு. இந்த வழியை எடுப்பவர்கள், வேறு எந்த வழியும் இல்லாத இலக்குக்குத்தான் எடுப்பார்கள்.

உங்கள் அமைப்பை வேவு பார்க்க விரும்பும் ஒருவருக்கு வேறு வழி இல்லையா? இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது. நம்பும்படியான ஒரு லிங்க் அனுப்பலாம். உங்கள் மின்னஞ்சலை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு உத்தரவு அனுப்பலாம். அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரை மிரட்டியோ காசு கொடுத்தோ வாங்கலாம். 2016 ஆகஸ்ட்டில் ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமைச் செயல்பாட்டாளர் அகமது மன்சூருக்குக் கைபேசியில் குறுஞ்செய்தி வந்தது. சிறையில் நடக்கும் சித்திரவதை பற்றிய ரகசியம் வேண்டுமா, இந்த லிங்க்கைத் தொடு என்று. அவர் தொடவில்லை. இப்படிப்பட்ட உளவு நிரல்களை ஆராயும் டொரன்டோ பல்கலைக்கழகத்து சிட்டிசன் லேபுக்கு அனுப்பிவைத்தார். தொட்டிருந்தால் கைபேசி முழுக்க அடுத்தவர் கைக்குப் போயிருக்கும். அவர் அனுப்பிவைத்ததால் ஆப்பிள் அந்தப் பிழைகளை அடைத்தது. அவருக்கு அனுப்பிய தூண்டிலைப் பாருங்கள், அவர் எதில் அக்கறை காட்டுவார் என்று தெரிந்து போட்டது. உங்களுக்கும் அப்படித்தான் வரும்: "என் புகாருக்கான ஆவணங்களை இணைத்துள்ளேன், பார்க்கவும்" என்று.

லேப்டாப்பையே நினைத்துக்கொண்டிருந்ததில் நீங்கள் கைபேசியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அதுதான் கவலை.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

தூக்கி எறிவது ஒரு வழி. வேண்டாம். எறிந்துவிட்டால், ஒருவேளை ஏதாவது இருந்திருந்தால் கையில் இருந்த ஒரே சான்றும் போய்விடும். அதற்குப் பதிலாக வாங்குவதும் அதே பெயரில், அதே முகவரிக்கு, அதே பார்சலில்தானே வரும்? வழியில் மடக்குவார்கள் என்பது உங்கள் பயமாக இருந்தால், அதற்கு எளிய மாற்று இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லாமல் ஏதாவது ஒரு கடைக்குப் போய், அலமாரியில் இருப்பதில் ஒன்றை எடுத்துக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள். இன்னாருக்குப் போகிறது என்று தெரியாத பெட்டியை யாரும் மடக்க முடியாது.

தடயவியல் சோதனைக்குக் கொடுப்பது இன்னொரு வழி. அதே மாடல் போர்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள், சிப்புகளுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை நிரலான ஃபர்ம்வேரைப் பிரதி எடுத்துத் தயாரிப்பாளருடையதோடு ஒப்பிடுவார்கள், லேப்டாப்பிலிருந்து என்ன வெளியே போகிறது என்பதை ரவுட்டர் பக்கமிருந்து சில நாள் கவனிப்பார்கள். செலவு பிடிக்கும். இருந்தால் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. "இல்லவே இல்லை" என்று கையெழுத்துப் போட்டுத் தர நேர்மையான நிபுணர் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்து நான் இதற்குப் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன எளிய சோதனைகளில் ஏதாவது பொருந்தாமல் போனால் அப்போது யோசிக்கலாம்.

மூன்றாவது வழி, வேலையைப் பிரிப்பது. நான் இதைத்தான் சொல்வேன். அறிக்கை தட்டுவது, கடிதம் எழுதுவது, கணக்கு எல்லாம் இந்த லேப்டாப்பில் நடக்கட்டும். புகார் கொடுத்தவர்களின் பெயர், முகவரி, அடையாளம் காட்டும் ஆவணம் இவை மட்டும் கடையில் போய் வாங்கிய வேறொரு கணினியில் இருக்கட்டும். அதை இணையத்தில் இணைக்கவே வேண்டாம், வட்டு முழுக்கக் குறியாக்கம் செய்துவிடுங்கள். கண்ட பென்டிரைவை அதில் செருகவும் கூடாது. இணையத்தோடு சம்பந்தமே இல்லாமல் இருந்த ஈரானின் அணுக் கூடத்துக்குள் ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சுநிரல் போய்ச் சேர்ந்ததற்குப் பரவலாகச் சொல்லப்படும் வழி பென்டிரைவ்தான். 2010இல் அது அம்பலமானது.

அந்தத் தனிக் கணினியின் அடிப்பக்கத்துத் திருகாணிகள் மேல் மினுமினுப்பு கலந்த நகப்பாலிஷ் ஒரு சொட்டு வைத்து, காய்ந்ததும் கிட்டத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மினுக்குத் துகள்கள் விழுந்து கிடக்கும் விதத்தை இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்வது மிகமிகக் கடினம். சந்தேகம் வரும்போது படத்தோடு ஒப்பிட்டால் யாராவது திறந்தார்களா என்று தெரிந்துவிடும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் பயணம் போகும்போது செய்வதுதான்.

மற்றவை உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், ஃபர்ம்வேர் அப்டேட்டும் சேர்த்து. மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல்லோடு ஒரு பாதுகாப்புச் சாவியையும் (உள்ளே நுழைய உங்கள் கையில் இருக்க வேண்டிய சிறு கருவி) வையுங்கள். கைபேசிக்கும் இதே கவனம் வேண்டும்.

பெயரைப் போட்டு எழுதலாமா?

இப்போது வேண்டாம். 2018 அக்டோபரில் ஒரு பெரிய வணிக இதழ், சூப்பர்மைக்ரோ என்ற நிறுவனத்தின் மதர்போர்டுகளில் சீனா அரிசிமணி அளவு உளவுச் சிப்பைச் சொருகியதாக எழுதியது. ஆப்பிள், அமேசான் உட்பட சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் எல்லாம் வெளிப்படையாக மறுத்தன. சூப்பர்மைக்ரோ பங்கு ஒரே நாளில் 40 சதவீதம் அளவுக்கு விழுந்தது. அந்தச் சிப் என்று சொல்லி ஒன்றையும் இன்றுவரை யாரும் பொதுவெளியில் எடுத்துக் காட்டவில்லை. இதழ் இன்னமும் தன் செய்தியை விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வளவு பெரிய இதழுக்கே இந்த நிலை என்றால், கிழிந்த டேப்பின் படத்தை மட்டும் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அவதூறு வழக்குத்தான் மிஞ்சும். உங்கள் அமைப்பின் அடுத்த அறிக்கையையும் "அவர்களா? எதையாவது கிளப்பிவிடுகிறவர்கள்" என்று தள்ளிவிடுவார்கள்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று வெளியிட வேண்டாம் எனக் கேட்டிருந்தீர்கள். அதனால் சட்டத்தைப் பொதுவாகத்தான் தொட முடியும். ஒருவரின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்பது 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 12ஆம் பிரிவு. இணையத்துக்கும் இதே உரிமை பொருந்தும் என்று 2013 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. நீதிமன்றத்துக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, "உன்னைக் கண்காணித்தார்கள் என்பதற்கு என்ன சான்று?" அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 பிப்ரவரியில், கண்காணிப்பை எதிர்த்துத் தொடுத்த வழக்கை இது வெறும் ஊகம் என்று ஐந்துக்கு நான்காகத் தள்ளியது. நான்கு மாதத்தில் ஸ்னோடன் ஆவணங்கள் வந்தன. அந்த ஆவணத்தைப் பிடித்துக்கொண்டு வேறொரு அமைப்பு தொடுத்த வழக்கில், தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாகத் திரட்டியதற்குச் சட்ட அனுமதி இல்லை என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கொஞ்சம் தாராளம். 2015இல் ரஷ்யாவைச் சேர்ந்த பத்திரிகை ஆசிரியர் ஒருவர், தன்னை ஒட்டுக்கேட்டதற்குச் சான்று காட்டாமலேயே வழக்கு நடத்தலாம் என்று ஏற்று, அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. உங்கள் ஊர் நீதிமன்றம் எந்தப் பக்கம் என்பதை அங்கே இருக்கும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். எதுவானாலும் பெட்டி, டேப், ரசீது, பார்சல் போன வழியின் பதிவு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

உங்கள் கணவர் சொன்னது, நீங்கள் நிறுத்தியது

மடியில் கனமில்லை என்றால் பயம் எதற்கு என்கிறார். உங்களைப் பற்றிய அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் உங்கள் மடியில் கனம் இருக்கிறது. உங்களுடையது இல்லை, உங்களை நம்பிப் பெயர் சொன்னவர்களுடையது. நீங்கள் ஒளிக்க வேண்டியது எதுவும் செய்யாதவராக இருக்கலாம். புகார் கொடுத்தவரின் வீட்டு முகவரியை ஒளித்து வைப்பது உங்கள் வேலை. இதை அவரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

அவர்களிடம் பேசுவதை நிறுத்தியதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத பகுதி. கோபித்துக்கொள்ளாதீர்கள். கண்காணிப்பு நடக்கிறதோ இல்லையோ, நடக்கலாம் என்ற நினைப்பே ஆட்களை வாயடைக்க வைத்துவிடும். ஸ்னோடன் செய்தி வந்த பிறகு விக்கிப்பீடியாவில் பயங்கரவாதம் தொடர்பான கட்டுரைகளைப் படிக்க வருபவர்கள் எண்ணிக்கை குறைந்தது என்று 2016இல் ஒரு ஆய்வு காட்டியது. கலைக்களஞ்சியம் படிப்பதற்கே பயம்! உங்கள் லேப்டாப்பில் ஒரு சிப்பும் இல்லாமலேயே, சிப் வைத்தவர் விரும்பியது நடந்துகொண்டிருக்கிறது.

தூக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. விளக்கு மின்னுவது, போனில் கரகரப்பு, தெருவில் நிற்கும் வண்டி என்று எல்லாமே உங்களைக் குறித்ததாகத் தோன்றத் தொடங்கினால், மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். உங்களை யாரும் கண்காணிக்கவில்லை என்று நான் சொல்வதாக அர்த்தம் இல்லை. உண்மையிலேயே கண்காணிப்புக்கு ஆளானவர்களுக்கும் தூக்கமின்மைக்கு வைத்தியம் வேண்டும்தான். இரவெல்லாம் விழித்திருப்பவர் காலையில் வரும் மோசடி லிங்க்கை யோசிக்காமல் தொட்டுவிடுவார்.

இந்த வாரம் முதலில் புகார் கொடுத்தவர்களை நேரில் பாருங்கள். அவர்கள் தந்த ஆவணங்கள் இதுவரை எந்தக் கணினியில் இருந்தன, இனி எங்கே இருக்கும், இனிமேல் எந்த வழியில் உங்களைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதை உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். கைபேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டுப் பேசுங்கள். தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி யாராவது கேட்டால் வாதாடாமல் எடுத்துவிடுங்கள்.